கையில் உலகம், கண்ணில் உறக்கமில்லை

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் சென்றால் லயம் முழுவதற்கும் பெருமை. 2020இல் கொரோனாவினால் விரிவுரைகள் இணையத்துக்கு மாறியபோது, கைத்தொலைபேசி வாங்கப் பெற்றோர் பலர் கடன்பட்டனர். பின்னர் விரிவுரைகள் மண்டபத்துக்குத் திரும்பின. கைத்தொலைபேசியோ படுக்கைக்கு வந்துவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998இல் இணைய அடிமைத்தனத்தை அளக்க 20 கேள்விகளை வகுத்தார். உறக்கம் கெடுகிறதா, படிப்புப் பாதிக்கப்படுகிறதா என்பன அவற்றுட் சில. ஆகவே எத்தனை மணிநேரம் என்பதைவிட, எதை இழக்கிறோம் என்பதே முக்கியம்.

பெலிஹுல்ஓயாவானாலும் பேராதனையானாலும், வீட்டைப் பிரிந்து, பழகாத மொழிச் சூழலில் வாழும் தோட்டப் பிள்ளைக்குத் தனிமை பெரும் சுமை. அதை மறக்கத் திரையை நாடுகிறது. இரவு விழிப்பு, பகற் சோர்வு, தவறிய விரிவுரை, குற்றவுணர்வு. அதை மறக்க மீண்டும் திரை. மனச்சோர்வும் அடிமைத்தனமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

பறித்து வைப்பது தீர்வாகாது. பாடங்களும் அதிலேதான் வருகின்றன. இரவில் அதைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வைக்கப் பழகலாம். மூத்த மாணவர்கள் புதியவர்களைத் தேடிச்சென்று பேசலாம். சுமை மிகுந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் நாம், "பரீட்சை எப்படி?" என்பதற்கு முன், "நல்லா தூங்குறியா?" என்று கேட்போம்.