டிராக்டரில் டிரெய்லர் மாட்டும்போது நடுவில் ஆள் நிற்கலாமா?

குச்சனூர், சின்னமனூர் பகுதியில் நெல் மூட்டையையும் வாழைத்தாரையும் ஏற்றிச் செல்ல டிராக்டர் டிரெய்லர்தான் விவசாயிகளுக்குக் கைகொடுக்கிறது. அதை மாட்டும்போது, ஒருவர் டிரெய்லர் வளையத்தைப் பிடித்து நிற்க, மற்றவர் டிராக்டரைப் பின்னால் எடுப்பார். இது மிகவும் ஆபத்தானது. கிளட்சிலிருந்து கால் நழுவினால், நடுவில் நிற்பவர் ஒதுங்க நேரமிருக்காது.

மாட்டும் முறை

* டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களின் முன்னும் பின்னும் கல் வைக்கவும்.
* ஜாக்கியால் வளையத்தை டிராக்டர் கொக்கியின் உயரத்துக்குக் கொண்டுவரவும்.
* உதவியாளர் ஓட்டுநரின் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நின்று சைகை காட்டட்டும்.
* குறைந்த கியரில் மெதுவாகப் பின்னால் எடுக்கவும். பொருந்தியதும் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்தவும். அதன் பிறகே நடுவில் சென்று பின்னைப் போடவும்.
* துளைக்குள் விரலை விட்டுப் பார்க்கக் கூடாது.

சாலையில் ஏறும் முன்

பின்னுக்குப் பூட்டு ஊசியும், கூடுதலாகப் பாதுகாப்புச் சங்கிலியும் அவசியம். ஊசிக்குப் பதில் ஆணியோ கம்பியோ செருகினால் குலுங்கலில் கழன்றுவிடும். டாப் லிங்க் இடத்தில் கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் பின்புறமாகக் கவிழலாம். இரண்டு பிரேக் மிதிகளையும் இணைத்துப் பூட்டுங்கள். தனித்தனியாக இருந்தால், வேகத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

கழற்றும்போதும் முதலில் சக்கரத்துக்குக் கல், பிறகே பின். இரு சக்கர டிரெய்லரில் சுமை பின்புறம் அதிகமிருந்தால், பின்னை உருவியதும் முன்பகுதி மேலே எகிறும். எனவே சுமையை இறக்கிய பிறகு கழற்றுவதே நல்லது.