மூதாட்டி வீட்டு வரியும் பக்கத்து வீட்டுப் பில்லும்

வீட்டுக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. ஆனாலும் நியூயார்க் மாநிலத்தின் பல ஊர்களில், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் மூதாட்டிக்கு வீட்டு வரி கட்டுவதே வாடகை கொடுப்பது மாதிரிதான். வீட்டுக்கு விலை கூடியிருக்கிறது, வாஸ்தவம். அதற்காகக் கதவையும் ஜன்னலையும் கழற்றி விற்றா வரி கட்ட முடியும்?

65 வயது நிறைந்த, வருமானம் குறைந்த வீட்டுக்காரர்களுக்கு வருமானத்துக்குத் தக்கபடி வரிவிதிப்பு மதிப்பில் ஒரு பகுதியை, பாதியைக்கூட, கழித்துவிட அங்கே சட்டம் இடம் தருகிறது. நியூயார்க் நகரத்துக்கு வெளியே, பாதிச் சலுகைக்கான ஆண்டு வருமான வரம்பு 29,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. 2022-இல் மாநிலச் சட்டமன்றம், 50,000 டாலர்வரை உயர்த்திக்கொள்ளலாம் என்றது. ‘கொள்ளலாம்’ என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. கவுன்டி, டவுன், பள்ளி நிர்வாகம் என ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தித் தீர்மானம் போட வேண்டும். கவுன்டி மட்டும் தீர்மானம் போட்டால் கவுன்டி வரி பாதியாகும். பில்லில் பெரும்பாலும் பெரிய தொகையான பள்ளி வரி அசையாமல் நிற்கும். அப்படியும் நடக்கலாம்.

பழைய வரம்பில் ஒரு வேடிக்கை உண்டு. சோஷியல் செக்யூரிட்டி எனும் அரசு ஓய்வூதியத்தில் 24,000, சின்னதொரு பென்ஷனில் 4,500 வாங்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். மொத்தம் 28,500, பாதிச் சலுகை உறுதி. 2023-இல் விலைவாசியை ஈடுகட்ட சோஷியல் செக்யூரிட்டியை 8.7 சதவீதம் உயர்த்தினார்கள். இவர் வருமானம் 30,588 ஆகிறது; 29,000-லேயே நின்ற ஊரில் சலுகை 50 சதவீதத்திலிருந்து 40-க்கு இறங்குகிறது. முட்டை விலை ஏறியதற்குக் கொடுத்த பணம், வரி ஆபீஸ் கணக்கில் அவரை வசதிக்காரராக்கிவிட்டது.

அப்படியானால் வரம்பை உயர்த்த ஏன் இத்தனை கூட்டம்? சலுகையால் குறையும் தொகையை மாநில அரசு ஈடுகட்டுவதில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். ஒரே மதிப்புள்ள 100 வீடுகள், வீட்டுக்கு 10,000 டாலர் வரி என்று கணக்குப் போடுங்கள். பத்து வீட்டுக்குப் பாதி கழிந்தால், ஊருக்கு வேண்டிய பத்து லட்சம் டாலரை 95 வீட்டு மதிப்பில் வசூலிக்க வேண்டும். சலுகை இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் 526 டாலர் கூடும். குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டணம் கட்டியே களைத்த இளம் தம்பதியின் வீடும் அந்தத் தொண்ணூறில் ஒன்று. அவர்கள் எழுந்து ஆட்சேபித்தால் அதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு நெருடல். இந்தச் சலுகை வருமானத்தைத்தான் பார்க்கிறது, வீட்டின் விலையைப் பார்ப்பதில்லை. வாடகை வீட்டு முதியவருக்கோ இதில் காலணா இல்லை. ஆனாலும் வரம்பை உயர்த்தலாம் என்பதே என் கட்சி. ஒரே தாவலாக வேண்டாம், படிப்படியாகப் போகட்டும்.

தீர்மானம் நிறைவேறினாலும் பில் தானாகக் குறையாது. வருமானச் சான்றுகளோடு மனுப் போட வேண்டும். பெரும்பாலான ஊர்களில் மார்ச் 1 கெடு. அடுத்த வருஷம் மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். அந்த ஃபாரத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க, பிள்ளைகள் வேறு மாநிலத்தில் இருக்கும் மூதாட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்க வேண்டும்.