கல்லமேட்டு எலும்பும் அய்யாசாமியின் கட்டுரைகளும்

டைனோசர் என்றதும் மாணவர்கள் அமெரிக்காவையும் சினிமாவையும்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டு அரியலூர் மண்ணில் டைனோசர் தேடிய ஒருவரைப் பற்றி வகுப்பில் சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து உட்காருவார்கள்.

யார் இவர்?

கே. அய்யாசாமி, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். காவிரிப் படுகையின் பழைய பாறைகளும், அவற்றிலுள்ள அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளின் புதைபடிவங்களும் இவருடைய துறை. டைனோசர் பற்றிய இவருடைய முக்கியமான இரண்டு கட்டுரைகள் பி. யாதகிரியுடன் சேர்ந்து எழுதியவை.

முதல் கட்டுரை: 1979

முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் வகை என்று கருதி, ஒரு விலங்குக்கு ‘டிராவிடோசாரஸ்’ என்று இருவரும் பெயரிட்டார்கள். பெயரிலேயே திராவிடம்! ஆனால் 1996-இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் மறுத்தார்கள். அவை தேய்ந்துபோன பிளீசியோசார் எலும்புகள் என்றார்கள். பிளீசியோசார் டைனோசர் அல்ல, கடல் ஊர்வன. அந்தப் பாறைகள் கடலடியில் படிந்தவை என்பதால் இந்த மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது.

இரண்டாம் கட்டுரை: 1987

கல்லமேடு என்ற ஊரருகே கிடைத்த எலும்புகளுக்கு ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். புருஹத் என்றால் பெரிய, காயம் என்றால் உடல். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவு செய்தார்கள். அப்படின்னா, வகுப்பறைக் கதவின் உயரம்! முதலில் இதை ஊன் உண்ணி என்றே எழுதினார்கள். 1995-இல் சட்டர்ஜி இதை நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகையில் சேர்த்தார்.

சிக்கல் எங்கே?

கட்டுரையில் இருந்தவை கோட்டுப் படங்கள்தான். எலும்புகளோ எளிதில் நொறுங்கக்கூடியவை, காலப்போக்கில் அழிந்தே போயின. பக்கத்திலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது அல்லவா? அதனால், “இதுவும் மரத்துண்டாக இருக்கலாமே” என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். பதில் சொல்ல எலும்பு கையில் இல்லை.

அய்யாசாமி இதை மூடி மறைக்கவில்லை. 2017-இல் பீட்டர் கால்டனுடன் எழுதிய கட்டுரையில், எலும்புகள் இப்போது இல்லை என்று பதிவு செய்தார். 2022-இல் பால் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, அகழ்வின்போது எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார். சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும், 35 ஆண்டுகளாகக் கோட்டுப் படத்தை மட்டும் வைத்து வாதாடியவர்களுக்குப் பார்த்து ஆராய ஒன்று கிடைத்தது. 2023-இல் வேறு ஆய்வாளர்கள் இதன் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டார்கள். மாணவர்களே, இது நிறுத்துப் பார்த்த எடை அல்ல, கணக்கிட்ட மதிப்பீடு. விடை எழுதும்போது “எடை 170 டன்” என்று முடித்துவிடாதீர்கள். “மதிப்பிடப்படுகிறது” என்று எழுதுங்கள்.

நம் நாட்டில்?

பகாங்கில் கிடைத்த ஒரு பல்லை வைத்துத்தான் மலேசியாவின் முதல் டைனோசரை மலாயாப் பல்கலைக்கழகக் குழு 2014-இல் அறிவித்தது. பல்லின் நீளம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். கிடைத்த இடத்தை அவர்கள் வெளியே சொல்லவில்லை. ஏன் என்று கல்லமேட்டுக் கதையைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடம் கெட்டால் சான்றும் போச்சு.

வகுப்பில் பயன்படுத்த

1. ஒரே எலும்பை ஒருவர் ஊன் உண்ணி என்றும் மற்றொருவர் தாவர உண்ணி என்றும் சொல்லக் காரணம் என்ன? (கருத்துணர்)
2. சான்று அழிந்த பின் ஒரு கண்டுபிடிப்பை ஏற்கலாமா? இரு தரப்பையும் எழுதுக. (உயர்நிலைச் சிந்தனை)
3. ‘காயம்’ என்ற சொல்லின் இரு பொருளையும் வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: இரண்டாம் கேள்விக்கு ‘சரி’, ‘தவறு’ என்று மட்டும் எழுதும் விடைக்கு முழுப் புள்ளி கொடுக்க வேண்டாம். எந்தச் சான்று இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். அந்தப் பழக்கம் எஸ்.பி.எம். முடிந்த பிறகும் அவருக்கு உதவும்.