வலது காலை மிதித்தால் வண்டி நிற்காது!

ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஆறு.

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. கிராமங்களிலிருந்து பெண்களை வேலைக்கு ஏற்றி வரும் பஸ்களும் வேன்களும் இன்று இல்லை. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது.

ஒரு வீட்டு வாசலில் மட்டும் சிறு கூட்டம். நடுவே கறுப்பு நிறத்தில் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

அதை முந்தின நாள் வாங்கி வந்தவர் ஒரு வாலிபர். காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டுவது அவர் வேலை. வேலைக்குப் போய் வர அவரிடம் வேறொரு வண்டி இருக்கிறது. ஆனாலும் புல்லட் மீது சிறு வயது முதலே ஆசை. சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கிவிட்டார்!

இவருக்குப் பெயர் வேண்டியதில்லை. பழைய புல்லட்டைத் தேடிப் பிடித்து வாங்கும் வாலிபர்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமும் உண்டு. அவர்களில் ஒருவராக இவரை வைத்துக்கொள்வோம்.

"அப்பா, நான் முன்னாடி உட்காரட்டுமா?" என்று கேட்கிறது ஐந்து வயதுக் குழந்தை.

"வாடா கண்ணு!" என்று தூக்கப் போகிறார் அப்பா.

"தம்பி, குழந்தையை இறக்கு!" என்று ஒரு குரல்.

குரல் கொடுத்தவர் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய். புல்லட்டோடு பழகியே தலை நரைத்தவர்.

"ஏன் பாய்? நான் பத்து வருஷமா வண்டி ஓட்டுறவன்தானே?"

"அதனாலதான் தம்பி பயமே! புதுசா ஓட்டுறவன் பயந்து பயந்து ஓட்டுவான். உனக்குக் கால் பழகிப் போச்சு. அந்தப் பழக்கம்தான் ஆபத்து."

பாய் சொன்னது வெறும் பயமுறுத்தல் அல்ல. அதில் பெரிய உண்மை இருக்கிறது.

கால் மாறிய கதை

இன்றைய மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலில் இருக்கிறது. பின் சக்கர பிரேக் வலது காலில் இருக்கிறது.

பழைய புல்லட்டில் இது அப்படியே தலைகீழ்! கியர் வலது காலில். பிரேக் இடது காலில்.

அது மட்டுமா? இன்றைய வண்டிகள் பலவற்றில் முதல் கியருக்குக் கீழே மிதிக்க வேண்டும். மற்ற கியர்களுக்கு மேலே தூக்க வேண்டும். பழைய புல்லட்டிலோ முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே மிதிக்க வேண்டும்.

இதனால் என்ன ஆகும்? திடீரென்று குறுக்கே ஓர் ஆடு வந்தால், பத்து வருஷப் பழக்கத்தில் வலது கால் தானாக மிதிக்கும். ஆனால் அங்கே பிரேக் இல்லை. கியர்தான் இருக்கிறது. வண்டி நிற்பதற்குப் பதிலாக மேல் கியருக்குப் போய்விடும்!

ஏன் இப்படி வைத்தார்கள்? புல்லட் பிறந்தது இங்கிலாந்தில். அந்த நாளில் இங்கிலாந்து வண்டிகள் பெரும்பாலும் வலது கால் கியரோடுதான் வந்தன. பிறகு ஜப்பான் வண்டிகள் உலகெங்கும் பரவின. அவற்றில் கியர் இடது பக்கம். 1970களில் அமெரிக்காவும் கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று விதி செய்தது. மெல்ல மெல்ல உலகமே இடது காலுக்கு மாறிவிட்டது.

சென்னையில் வளர்ந்த வண்டி

ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-இல் 'புல்லட்' என்ற பெயரை முதன்முதலில் ஒரு வண்டிக்குச் சூட்டியது. இந்தியா விடுதலை பெற்ற பிறகு, எல்லையைக் காக்கும் ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே பாகங்களும் உருவாயின.

இங்கிலாந்தில் 1970-இல் அந்தத் தொழிலே நின்றுபோயிற்று. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. 1977-இல் இங்கே செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆயின! தாய் வீட்டுக்கே சீர் கொண்டு போன கதைதான்.

1994-இல் ஐஷர் குழுமம் அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. இன்றும் சென்னைப் பக்கத்தில்தான் அந்த வண்டிகள் செய்யப்படுகின்றன.

உதைக்கும் முறை

"முதல்ல ஸ்டார்ட் பண்ணு, பார்ப்போம்" என்றார் பாய்.

வாலிபர் கிக்கரை ஓங்கி உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்தது. 'அம்மா!' என்று காலைப் பிடித்துக்கொண்டார்.

பாய் சிரித்தார். "இதுக்குப் பலம் வேண்டாம் தம்பி. பதம் வேண்டும்."

350 புல்லட்டில் இருப்பது ஒரே ஒரு சிலிண்டர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் பெட்ரோல் காற்றை அழுத்துகிறது. அந்த நேரத்தில் அரைகுறையாக உதைத்தால், தீப்பொறி பட்டு பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படும். கிக்கரும் காலை நோக்கித் திரும்பும்.

ஆகவே முறை இதுதான்.

சாவியைப் போட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் ஆடும். ஓர் இடத்தில் கிக்கர் கெட்டியாக நிற்கும். முள் நடுவுக்கு வரும். அப்போது கைப்பிடியில் உள்ள சிறிய டீகம்ப்ரஷன் லீவரை இழுக்க வேண்டும். சிலிண்டரில் உள்ள அழுத்தம் 'புஸ்' என்று வெளியேறும். கிக்கரை இன்னும் சிறிது இறக்கி, லீவரை விட்டுவிட வேண்டும். பிறகு கிக்கரை மேலே வரவிட்டு, கடைசி வரை ஒரே சீராக உதைக்க வேண்டும்.

வாலிபர் அப்படியே செய்தார்.

டுக்... டுக்... டுக்... டுக்!

தெருவே திரும்பிப் பார்த்தது. குழந்தை கை தட்டியது.

மைதானத்தில் பாடம்

வாலிபரின் நண்பர்களுக்கு ஏலகிரி மலைக்குப் போக ஆசை. "அவ்வளவு கொண்டை ஊசி வளைவிலும் புல்லட் சத்தம் எதிரொலிக்கணும்!" என்றார் ஒருவர்.

"மலையும் வேண்டாம், பெங்களூர் ரோடும் வேண்டாம். லாரிக்கு உன் கால் மாறின கதை தெரியுமா? மைதானத்துக்கு வா" என்றார் பாய்.

மைதானத்தில் முதல் பத்து நிமிடம் நன்றாகவே போயிற்று. 'வலது கால் கியர், இடது கால் பிரேக்' என்று வாலிபர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பிறகு தைரியம் வந்தது. சொல்வதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் முள்வேலியிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி துள்ளி ஓடி வந்தது!

வலது கால் தானாக மிதித்தது. 'டக்' என்று கியர் மாறியது. வண்டி நிற்கவில்லை!

நல்ல வேளை. முன் சக்கர பிரேக் அன்றும் இன்றும் வலது கையில்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தார். பழைய டிரம் பிரேக் இன்றைய டிஸ்க் பிரேக் போல உடனே பிடிக்காது. வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஆட்டுக்குட்டி ஒரு முழ தூரத்தில் தப்பித்து ஓடியது.

வாலிபர் முகத்தில் ரத்தம் இல்லை. முன்னால் பெட்ரோல் டாங்கைப் பார்த்தார். குழந்தை உட்கார இருந்த இடம் அது!

பாய் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

புது வண்டி அல்ல, புது மனிதர்

"பாய், இது எப்போ பழகும்?"

"நீ தோல் வெட்டுறவன். உனக்கா சொல்லணும்? புது பூட்ஸ் முதல் நாள் காலைக் கடிக்குது. அதுக்காகத் தூக்கி எறியுறோமா? வீட்டுக்குள்ள போட்டு நடந்து பழக்குறோம். இங்கே பூட்ஸ் பழசு. உன் கால்தான் புதுசு. அதைத்தான் பழக்கணும்."

தினமும் அரை மணி நேரம் மைதானம். பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த சிறிய சாலை. அதன் பிறகுதான் கடைத்தெரு. அது வரை பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. இரவில் ஓட்டக் கூடாது. பழைய புல்லட்டின் விளக்கு மங்கல். ஹெல்மெட் இல்லாமல் மைதானத்தில்கூட ஏறக் கூடாது. இதுதான் பாய் போட்ட சட்டம்.

அரசாங்கச் சட்டமும் ஒன்று உண்டு. வண்டியை வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.சி. புத்தகத்தைத் தம் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸும் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே இவற்றைப் பார்ப்பவரே புத்திசாலி.

வெயில் ஏறிவிட்டது. வாலிபர் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார். வலது கால் பூட்ஸின் நுனியில் கியர் லீவர் பட்டு ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

"அப்பா, என்னை எப்போ ஏத்துவே?" என்று ஓடி வந்தது குழந்தை.

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டார். வண்டியில் அல்ல, இடுப்பில்.

"அப்பாவோட காலு முதல்ல பாடம் படிக்கட்டும்டா. அப்புறம் உனக்கும் ஒரு சின்ன ஹெல்மெட் வாங்கிட்டு, ரெண்டு பேரும் போகலாம்."