கதிர்மருத்துவத்தில் ‘தவணை’: ஒரு சொல்லாய்வு

கதிர்மருத்துவத்தில் ‘ஃபிராக்‌ஷன்’ என்பது மொத்தக் கதிரளவில் ஒருமுறை செலுத்தப்பெறும் கூறு. சான்றாக, 50 கிரே அளவை 2 கிரே வீதம், வாரத்திற்கு 5 நாளாக, 25 முறை அளிப்பர். இடைவேளையில் நலமான உயிரணுக்கள் தம்மைச் சீர்செய்துகொள்ளும். இதனைப் ‘பின்னம்’ எனல் கணக்கிற்குப் பொருந்தும்; ஆயின், ‘பின்னமான சிலை’ எனும் வழக்கால் அது சிதைவையும் சுட்டும். வானூர், மரக்காணம் பகுதிகளுக்கு அண்மையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரில் இம்மருத்துவம் உண்டு. பேச்சுவழக்கிலுள்ள ‘கரண்ட் வைத்தல்’ மின்னதிர்ச்சி அச்சத்திற்கு இடந்தருவது. தடுப்பூசி வழிப் பரவிய ‘தவணை’ எனும் சொல்லே ஏற்புடையது. அது கடனை நினைவூட்டுதல் இங்குக் குறையன்று. உப்பளக் கூலி கருதி இடையில் நிறுத்த எண்ணுபவருக்கு நிலுவை உண்டென அச்சொல்லே உணர்த்தும். விடுபடும் நாள்களில் புற்றணுக்கள் மீளப் பெருகும்.