முதல் ஐந்து மேட்ச்சை வைத்து ஒரு அணியை எடை போடலாமா? சன்ரைசர்ஸின் 286-ம் சிஎஸ்கேவின் கடைசி இடமும் சொல்லும் கதை

ஹைதராபாத்தில் ஹப்சிகுடா மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால், உப்பல் கிரிக்கெட் மைதானத்துக்கு இரண்டே ஸ்டேஷன்தான். ஐபிஎல் நாட்களில் அந்த ரயிலில் ஆரஞ்சு ஜெர்சிகளுக்கு நடுவே நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் வீடு திரும்பிய ஒருவரிடம் 'இந்த வருஷம் கப் யாருக்கு?' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். அன்று சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அடித்த ஸ்கோர் 286. பதினான்கே நாள் கழித்து, ஏப்ரல் 6-ம் தேதி, அதே அணி தொடர்ச்சியாக நான்காவது தோல்வியைச் சந்தித்திருந்தது.

ஒவ்வொரு சீசனிலும் முதல் இரண்டு வாரத்தில் இதுதான் நடக்கிறது. ஒரு அணியைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம், இன்னொன்றை 'இவங்க வேலைக்கு ஆக மாட்டாங்க' என்று ஒதுக்குகிறோம். இந்த ஆரம்ப கணிப்பில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தற்செயல்? 2025 சீசன் அதற்கு நல்ல பாடப் புத்தகம்.

உப்பலில் என்ன நடந்தது?

அந்த முதல் மேட்ச்சில் ராஜஸ்தானுக்கு எதிராக இஷான் கிஷன் 47 பந்தில் 106 நாட் அவுட். டிராவிஸ் ஹெட் 31 பந்தில் 67. ஜோப்ரா ஆர்ச்சர் 4 ஓவரில் விட்டுக்கொடுத்தது 76 ரன். ஐபிஎல் வரலாற்றில் அதுவரை எந்தப் பவுலரும் அவ்வளவு கொடுத்ததில்லை. முந்தைய சீசனில் 277, 287 என்று அடித்த அணி இது. எனவே '300 எப்போது?' என்பதுதான் அந்த வாரத்தின் கேள்வியாக இருந்தது.

அடுத்து வந்தது லக்னோ. ஏலத்தில் யாரும் வாங்காமல் விட்டு, பிறகு காயமடைந்தவருக்கு மாற்றாக வந்த ஷர்துல் தாக்குர் 4 விக்கெட் எடுத்தார். இஷான் கிஷன் முதல் பந்திலேயே டக். விசாகப்பட்டினத்தில் டெல்லிக்கு எதிராக 163-க்கு ஆல் அவுட். மிட்செல் ஸ்டார்க் 5 விக்கெட். கொல்கத்தாவில் 120-க்கு ஆல் அவுட், 80 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அப்புறம் ஏப்ரல் 6, மறுபடி உப்பல். குஜராத்தின் முகமது சிராஜ் 17 ரன் கொடுத்து 4 விக்கெட். சிராஜ் இதே ஊர்க்காரர், 2017-ல் இதே சன்ரைசர்ஸில்தான் ஐபிஎல் வாழ்க்கையைத் தொடங்கியவர். குஜராத் சேஸ் செய்தபோது ஆரம்பத்தில் இரண்டு விக்கெட் விழ, 29 பந்தில் 49 அடித்து ஆட்டத்தைத் திருப்பியவர் நம்ம வாஷிங்டன் சுந்தர். அவரும் முந்தைய சீசன் வரை சன்ரைசர்ஸ்தான். ஏலக் கணக்குகள் இப்படியும் திருப்பி அடிக்கும்.

இந்த ஐந்து ஆட்டத்தில் தொடக்க வீரர் அபிஷேக் சர்மா எடுத்தது மொத்தம் 51 ரன். 'அடுத்த மேட்ச் பெஞ்சில் உட்கார வையுங்கள்' என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அணி நிர்வாகம் அதைச் செய்யவில்லை. ஏப்ரல் 12-ம் தேதி பஞ்சாப் 245 அடித்தது. அபிஷேக் 55 பந்தில் 141 எடுத்தார். ஐபிஎல்லில் அதுவரை ஒரு இந்தியர் எடுத்த அதிகபட்ச ஸ்கோர் அது. ஹெட்டுடன் முதல் விக்கெட்டுக்கு 171 ரன். இன்னும் 9 பந்து மீதம் இருக்கும்போதே 247/2.

இதில் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று உண்டு. 28 ரன்னில் இருந்தபோது அபிஷேக் கேட்ச் கொடுத்துவிட்டார். அந்தப் பந்து நோ-பால். பவுலரின் கால் கோட்டுக்குப் பின்னால் விழுந்திருந்தால், ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகும் 'ஃபார்ம் இல்லாத அபிஷேக்' என்றுதான் நாம் எழுதியிருப்போம். ஆள் மாறவில்லை, பேட் மாறவில்லை.

காசு சுண்டிப் பார்த்தால்?

ஒரு சின்ன கணக்கு, பயப்பட வேண்டாம். பத்து அணிகளும் சரிசமமான பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேட்ச்சும் காசு சுண்டுவது மாதிரி. அப்படி இருந்தாலும், ஒரு அணி முதல் ஐந்தில் நான்கு அல்லது ஐந்து ஆட்டங்களில் தோற்க வாய்ப்பு 32-க்கு 6, அதாவது கிட்டத்தட்ட 19%. அதே அளவு வாய்ப்பு நான்கு அல்லது ஐந்து வெற்றிக்கும் உண்டு. பத்து அணி என்றால் சுமார் இரண்டு அணி 'பிரமாதம்' என்றும், இரண்டு அணி 'படுமோசம்' என்றும் தோன்றும். எந்த அணிக்கும் கூடுதல் திறமையே இல்லாத ஒரு உலகத்தில்கூட!

இப்போது 2025-ல் நிஜமாக என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு நான்கு வெற்றியுடன் நின்றவை இரண்டு அணிகள்: டெல்லி, குஜராத். ஒரே வெற்றியுடன் நின்றவை மூன்று: சன்ரைசர்ஸ், சிஎஸ்கே, மும்பை. காசு சுண்டினால் வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முடிவு? மும்பை அதன் பிறகு தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் ஜெயித்து குவாலிஃபயர் 2 வரை போனது. சன்ரைசர்ஸ் ஆறாவது இடம். சிஎஸ்கே பத்தாவது. குஜராத் மூன்றாவதாக முடித்தது. டெல்லியோ, முதல் நான்கு ஆட்டங்களிலும் ஜெயித்துவிட்டு பிளே-ஆஃபுக்கு வராத முதல் அணி என்ற பெயரை வாங்கியது. கோப்பையை வென்ற பெங்களூருவும், இறுதிப் போட்டியில் தோற்ற பஞ்சாப்பும் ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது 3-2 என்று, யார் கண்ணையும் உறுத்தாத நடு வரிசையில் இருந்தவை.

டெல்லியின் அந்த நான்கு வெற்றிகளில் முதலாவதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். லக்னோவுக்கு எதிராக 210 ரன் இலக்கு, 65 ரன்னுக்கு 5 விக்கெட் போய்விட்டது. அசுதோஷ் சர்மா 31 பந்தில் 66 அடித்துக் காப்பாற்றினார். கடைசி ஓவரில் கையில் ஒரே விக்கெட். கடைசி ஆட்டக்காரரை ஸ்டம்பிங் செய்யும் வாய்ப்பு ரிஷப் பண்ட் கையில் இருந்து நழுவியது. புள்ளிப் பட்டியலில் இந்த வெற்றிக்கும் 2 புள்ளி, 80 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அதே 2 புள்ளி.

(ஹப்சிகுடாவுக்கும் ஸ்டேடியத்துக்கும் நடுவில் வரும் ஸ்டேஷனின் பெயர் என்ஜிஆர்ஐ. நிலநடுக்கம் வரை ஆராயும் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே இருக்கிறது. ஒரே ஒரு அதிர்வை வைத்து அங்கே யாரும் தீர்ப்பு எழுத மாட்டார்கள்.)

கூடைப்பந்திலும் இதே கதையா?

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஒரு அணிக்கு 82 லீக் ஆட்டங்கள். 2024-25 சீசனில் கிளீவ்லாண்ட் கவலியர்ஸ் முதல் 15 ஆட்டங்களையும் ஜெயித்தது. இண்டியானா பேசர்ஸ் முதல் 25-ல் 15 ஆட்டங்களில் தோற்றது. கிளீவ்லாண்ட் விஷயத்தில் முதல் கணிப்பு பொய் இல்லை, 64 வெற்றியுடன் கிழக்குப் பிரிவில் முதலிடம். ஆனால் பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் அவர்களை 4-1 என்று வெளியேற்றியது அதே இண்டியானா. பிறகு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போய்த்தான் ஓக்லஹோமா சிட்டியிடம் தோற்றார்கள்.

கூடைப்பந்தில் ஒரே ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சுமார் நூறு முறை பந்து கைக்கு வருகிறது. ஒரு ஷாட் தவறினால் அடுத்த நிமிடமே இன்னொன்று. டி20-யில் ஒரு பேட்டருக்கு ஒரு தவறுதான், அவ்வளவுதான், பெவிலியன். அதனால் கிரிக்கெட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம், மேட்ச்சும் குறைவு. லீக் சுற்றில் 14 ஆட்டங்களே.

அந்த 14 என்ற எண்ணில்தான் சிக்கலும் இருக்கிறது. 'ஆரம்பத் தோல்வியெல்லாம் ஒன்றுமில்லை' என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளே-ஆஃபுக்குப் பொதுவாக 8 வெற்றி, 16 புள்ளி தேவைப்படும். 1-4 என்று இருந்த சன்ரைசர்ஸுக்கு மீதி ஒன்பதில் ஏழு வேண்டும். சரிசம பலமுள்ள அணி அதைச் செய்ய வாய்ப்பு வெறும் 9%. அவர்கள் ஐந்து ஜெயித்தார்கள், ஒன்று மழையில் போனது, மூன்று தோல்வி. மே 25-ல் டெல்லியில் கொல்கத்தாவுக்கு எதிராக கிளாசன் 39 பந்தில் 105, அணி 278/3, 110 ரன் வித்தியாசத்தில் வெற்றி. எல்லாம் முடிந்துபோன பிறகு! மோசமான அணி இல்லை, தொலைத்த புள்ளி திரும்பி வரவில்லை.

அப்போ சிஎஸ்கே?

இங்கேதான் நம்ம ஊர் ரசிகர்களுக்கு வலிக்கும். சன்ரைசர்ஸ் 286 அடித்த அதே மார்ச் 23 இரவு, சேப்பாக்கத்தில் சிஎஸ்கே மும்பையை 4 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. நூர் அகமது 18 ரன்னுக்கு 4 விக்கெட். பிறகு தொடர்ந்து ஐந்து தோல்விகள். அணியின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. 'இது வெறும் துரதிர்ஷ்டம், சரியாகிவிடும்' என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். 4 வெற்றி, 10 தோல்வி, முதல் முறையாகக் கடைசி இடம்.

இதற்கும் சன்ரைசர்ஸுக்கும் என்ன வித்தியாசம்? தோற்ற விதம். மார்ச் 28-ல் பெங்களூருவுக்கு எதிராக 197 ரன் இலக்கு, சிஎஸ்கே 146/8. தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக. 2008-க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான். டெல்லிக்கு எதிராக 184 இலக்கு, கையில் 5 விக்கெட் இருந்தும் 158-ல் நின்றது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரும் ஆடி 103/9. எதிரணி அதை 10.1 ஓவரில் முடித்தது. இது ஒரு நோ-பாலில் மாறும் கதை இல்லை. விக்கெட் இருந்தாலும் ரன் வரவில்லை, விக்கெட் போனாலும் ரன் வரவில்லை. அதுவும் சொந்த மண்ணில். கேப்டன் ருதுராஜ் முழங்கை காயத்தால் விலகியது நிலைமையை இன்னும் மோசமாக்கியது, ஆனால் நோய் அதற்கு முன்பே தெரிந்தது. 17 வயது ஆயுஷ் மாத்ரேவுக்கு அணியில் இடம் கிடைத்தபோது ஏப்ரல் 20 ஆகிவிட்டது. என் பார்வையில், இரண்டு வாரம் முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம்.

மும்பையின் கதையோ நேர் எதிர். முதல் மேட்ச்சில் ஹர்திக் பாண்டியா தடை காரணமாக இல்லை. முதல் நான்கு ஆட்டங்களில் பும்ரா இல்லை. இருக்க வேண்டிய ஆள் இல்லாமல் தோற்ற அணியையும், எல்லோரும் இருந்தும் தோற்ற அணியையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. தவிர, மெதுவாகத் தொடங்குவது மும்பைக்குப் புதிதும் இல்லை. 2015-ல் முதல் நான்கிலும் தோற்றுவிட்டுக் கோப்பை வாங்கியவர்கள். அந்த விஷயத்தில் சிஎஸ்கேவும் ஒரு காலத்தில் சளைத்ததில்லை: 2010-ல் முதல் ஏழில் ஐந்து தோல்வி, கடைசியில் சாம்பியன்.

வீரர்களை எப்படிப் பார்ப்பது?

சன்ரைசர்ஸ் 11.25 கோடிக்கு வாங்கிய இஷான் கிஷன், அந்த 106-க்குப் பிறகு அடுத்த மூன்று இன்னிங்ஸில் எடுத்தது 0, 2, 2. பிறகு மே 23-ல் பெங்களூருவுக்கு எதிராக 94 நாட் அவுட். 10 கோடி முகமது ஷமி, அபிஷேக் 141 அடித்த அதே மேட்ச்சில் 4 ஓவரில் 75 ரன் கொடுத்தார். ஆக, அப்போதைய ஐபிஎல் வரலாற்றின் மிக விலையுயர்ந்த இரண்டு ஸ்பெல்களும் மூன்று வாரத்துக்குள் ஒரே மைதானத்தில் விழுந்தன. பவுலரைத் திட்டும் முன் உப்பல் பிட்ச்சையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மறுபக்கம், 30 லட்சத்துக்கு வாங்கப்பட்ட அனிகேத் வர்மா, விசாகப்பட்டினத்தில் மற்றவர்கள் சரிந்தபோது தனியாக 41 பந்தில் 74 அடித்தார்.

திடீர் உயரங்களைவிட நம்பத் தகுந்தது, திரும்பத் திரும்ப வரும் சாதாரண ஸ்கோர். சூர்யகுமார் யாதவ் அந்த சீசனின் 16 ஆட்டங்களிலும் 25 ரன்னுக்குக் குறையாமல் எடுத்தார். மும்பை தோற்றுக்கொண்டிருந்த ஏப்ரல் முதல் வாரத்திலும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. யாரும் தலைப்புச் செய்தி ஆக்கவில்லை. குஜராத்துக்கு ஆடும் சென்னைப் பையன் சாய் சுதர்சனும் அப்படித்தான், சத்தமில்லாமல் 759 ரன் சேர்த்து ஆரஞ்சு தொப்பியை எடுத்துப் போனார்.

அடுத்த முறை சீசன் தொடங்கி பத்து நாளில் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வந்தால், மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் அல்லது தோற்றார்கள்? ஆட முடியாமல் வெளியே இருந்தது யார்? ஒரே மாதிரியான தவறு வேறு வேறு மைதானங்களில் திரும்ப வருகிறதா? மூன்றாவதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஒன்றிலும் அடங்காத ஆட்களும் இருக்கத்தான் செய்வார்கள். 27 கோடிக்கு லக்னோ வாங்கிய ரிஷப் பண்ட், முதல் இன்னிங்ஸில் டக். கடைசி லீக் ஆட்டத்துக்கு முன்பு வரை மொத்தம் 151 ரன். அந்தக் கடைசி ஆட்டத்தில் பெங்களூருவுக்கு எதிராக 61 பந்தில் 118 நாட் அவுட். லக்னோ 227 அடித்தும், அந்த மேட்ச்சிலும் தோற்றது.