ரூகர் மார்க் பிஸ்டல்: கழற்றுவதும் துடைப்பதும் திரும்ப மாட்டுவதும்

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடப் பழகுகிறவர்களில் பலருக்கு முதலில் கைக்கு வருவது .22 தோட்டாவைச் சுடும் துப்பாக்கிதான். தோட்டா மலிவு, உதை குறைவு, சத்தமும் அவ்வளவாக இல்லை. அந்த வகைப் பிஸ்டல்களில் 1949 முதல் இன்றுவரை நிலைத்திருக்கும் பெயர் ரூகர். சொன்ன இடத்தில் சுடும், சீக்கிரம் கெடாது, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும். சுடுவதில் இதன்மேல் பெரிய புகார் கிடையாது. புகாரெல்லாம் சுட்டு முடித்து, துடைப்பதற்காகக் கழற்றி, திரும்ப மாட்ட உட்காரும்போதுதான் வருகிறது. எல்லாப் பாகமும் மேசைமேல் இருக்கும். எதுவும் உடைந்திருக்காது, தொலைந்திருக்காது. ஆனாலும் பிஸ்டல் மூடாது. மூடினாலும் போல்ட் பாதி வழிக்குமேல் பின்னால் வராது. பாகங்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போனவர்கள் உண்டு.

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான். சுத்தியலின் அடியில் தொங்கும் ஒரு சிறு கம்பி. கையேடு எதை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அந்தக் கம்பி என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டவர்களுக்கு அந்த வரிசையை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், ஏன் கழற்ற வேண்டும்? .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்த பழைய வடிவம். பெரிய தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிக் குப்பியில் இருக்கும். இதில் அது பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் பரவியிருக்கிறது. குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், அதன்மேல் மெழுகு. சுடும்போது எரிந்த மருந்தின் கரி, எரியாத துகள், மெழுகு, ஈயத்தூள் எல்லாம் ஒன்றாகக் கிளம்புகின்றன. ரூகரின் போல்ட்டுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. வாயுவின் அழுத்தம் காலிக் கூட்டைப் பின்னால் தள்ள, கூடு போல்ட்டைத் தள்ளுகிறது. அந்த அழுக்கில் ஒரு பங்கும் கூடவே பின்னால் வந்து போல்ட் முகத்திலும், போல்ட் ஓடும் உறையான ரெசீவருக்குள்ளும் படிகிறது. சில நூறு தோட்டாக்கள் சுட்டபின் தொட்டுப் பார்த்தால் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டும்.

கழற்றாமலே குழலை வாய்ப்பக்கத்திலிருந்து துடைத்துவிடலாமே என்று கேட்கலாம். துடைக்கலாம், ஆனால் குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அந்த வாய் விளிம்புதான். துடைக்கும் கம்பி அதில் மறுபடி மறுபடி உரசித் தேய்த்தால் குறி கெடும். பின்பக்கத்திலிருந்து துடைப்பதே நல்லது, அதற்குப் போல்ட் வெளியே வந்தாக வேண்டும்.

இப்படி ஒரு அமைப்பு ஏன் வந்தது என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய ஒரு மரைன் வீரரிடமிருந்து ஜப்பானிய நம்பு பிஸ்டல் ஒன்று வில்லியம் ரூகரின் கைக்கு வந்தது. தன் வீட்டுக் கொட்டகையில் அதைப் பார்த்து அதேபோலச் செய்து பழகினார் அவர். ரெசீவருக்குள்ளேயே முன்பின் ஓடும் உருளை வடிவ போல்ட் அங்கிருந்து வந்த யோசனை. அலெக்சாண்டர் ஸ்டர்முடன் சேர்ந்து கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட்டில் 1949-இல் நிறுவனம் தொடங்கினார். முதல் பிஸ்டலின் விலை 37.50 டாலர். அந்த விலைக்குக் கொடுக்கப் பிடிச் சட்டகத்தை எஃகுத் தகட்டில் இரண்டு பாதியாக அழுத்தி எடுத்து ஒன்றாகப் பற்றவைத்தார்கள். குழலை ரெசீவரில் நிரந்தரமாகப் பொருத்தினார்கள். இந்த இரண்டு பெரும் பகுதிகளையும் போல்ட்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு நீண்ட முளை. அந்த முளை, பிடியின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் ஸ்ப்ரிங் கூட்டோடு இணைந்திருக்கிறது. இந்தப் பகுதிகளைத் திருகாணி ஒன்றுகூட இல்லாமல் பூட்டிவிட்டார்கள். செலவைக் குறைத்த அருமையான பொறியியல் இது. வீட்டு மேசையில் வைத்துத் துடைக்கிறவரின் வசதிதான் இதில் பின்னுக்குப் போனது.

1951-இல் மார்க் 1, 1982-இல் மார்க் 2 வந்தன. கழற்றும் முறை மாறவில்லை. மார்க் 2-ஐ வைத்தே சொல்கிறேன்.

மேகசினை எடுத்துவிடுங்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்து, தோட்டா அமரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். அந்த மேசையில், முடிந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே, ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. இந்த வேலையில் ட்ரிகரை ஒரு தடவைக்கு மேல் அழுத்த வேண்டியிருப்பதால் இந்தச் சோதனையில் எந்தத் தளர்வும் கூடாது.

அடுத்து சேஃப்டியை விலக்கி, ஆபத்தில்லாத திசையில் நீட்டி ட்ரிகரை அழுத்துங்கள். சுத்தியல் முன்னால் விழும். சுத்தியல் பின்னுக்கு மடங்கி நிற்கும்போது அதன் கம்பி முதுகுக் கூட்டில் இருக்கும் முதன்மை ஸ்ப்ரிங்கை அமுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இறுக்கம் இருக்கும்வரை கூடு எளிதில் வெளியே வராது.

பிடியின் முதுகில் ஒரு தாழ்ப்பாள் தெரியும். புதுத் துப்பாக்கியில் நகம் நுழையாத இறுக்கம் இருக்கும். தட்டையான திருப்புளியின் முனையில் துணி சுற்றி மெல்ல நெம்பினால் திறக்கும். திறந்ததும் கூடு கீல்போல வெளியே விரியும். அதைக் கீழ்நோக்கி இழுத்தால் நீண்ட முளை ரெசீவரை விட்டு இறங்கிவிடும். இனி போல்ட்டைப் பின்பக்கம் உருவி எடுக்கலாம். மீட்பு ஸ்ப்ரிங் அதன் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும், தனியாகப் பிரிக்க வேண்டாம். கடைசியாக ரெசீவரைச் சட்டகத்திலிருந்து முன்னால் நகர்த்த வேண்டும். பொருத்தம் மிக நெருக்கம் என்பதால் கைப்பலம் போதாது. ரப்பர் சுத்தியலால் ரெசீவரின் பின்விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் சற்று முன்னேறி, மேலே தூக்க வரும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், வடு விழும்.

துடைப்பது நேரடியான வேலை. வெண்கலப் பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு அறைப்பக்கத்திலிருந்து குழலுக்குள் செலுத்துங்கள், பிறகு துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை. போல்ட் முகத்தையும், காலிக் கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கியின் இடுக்கையும் நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். காலிக் கூடு வெளியே வராமல் சிக்குவதற்கு அங்கே சேரும் கரி ஒரு முக்கியக் காரணம். சட்டகத்துக்குள் இருக்கும் சுத்தியலையும் ட்ரிகரையும் பிரிக்க வேண்டியதில்லை. எண்ணெய் மெல்லிய படலமாகப் போதும். அதிகமானால் அடுத்த முறை மெழுகும் கரியும் அதில் குழைந்து முன்னைவிட மோசமாகும். ஈயத்தூள் விஷம், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

போல்ட்டைப் பிரிக்க நேர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தோட்டாவின் விளிம்பை அடிக்கும் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் சிறு குறுக்கு ஊசி ஒன்று உள்ளே இருக்கிறது. அதை மறந்துவிட்டு மாட்டினால், காலித் துப்பாக்கியில் ட்ரிகரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பின் நேராக அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழச் செய்யும். கழற்றி மாட்டுவதிலேயே ட்ரிகரை அழுத்த வேண்டிய இந்தப் பிஸ்டலில் அந்த ஊசி இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

இனி மாட்டுவது.

ரெசீவரைச் சட்டகத்தின்மேல் சற்று முன்தள்ளி வைத்து, முன்பக்கக் கொளுவி மாட்டியதும் பின்னால் தட்டுங்கள். பின்விளிம்புகள் இரண்டும் சமமாக நிற்கும்வரை தட்ட வேண்டும். இம்மியளவு முன்னால் நின்றாலும் துளைகள் நேராகாது, முளை நுழையாது. பலர் இங்கேயே தடுமாறிவிட்டு, கோளாறு வேறெங்கோ இருப்பதாக நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். முளையின் துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஒன்றை இப்போது நினைவில் வைக்க வேண்டும். ஸ்ப்ரிங் கூடு வெளியே கிடக்கிறது. சுத்தியலையும் அதன் கம்பியையும் தள்ள இப்போது எந்த ஸ்ப்ரிங்கும் இல்லை. பிஸ்டலை எந்தப் பக்கம் சாய்க்கிறீர்களோ அந்தப் பக்கம் அவை தம் எடையால் விழும். இந்த நிலையில் உங்கள் கருவி புவியீர்ப்புதான். கையேட்டில் வரும் முனையை மேலே பிடி, கீழே பிடி என்ற விசித்திரமான வரிகளுக்கெல்லாம் பொருள் இதுவே.

போல்ட் உள்ளே போகச் சுத்தியல் பின்னால் மடங்கிப் படுத்திருக்க வேண்டும், நிமிர்ந்திருந்தால் வழியை அடைக்கும். விரலால் அதை மடக்கிவிட்டு, போல்ட்டைப் பின்பக்கத்திலிருந்து முழுவதும் உள்ளே தள்ளுங்கள். அது போனதும் நிலைமை தலைகீழாகிறது. ஸ்ப்ரிங் கூட்டை மூடச் சுத்தியல் முன்னால் விழுந்திருக்க வேண்டும். எனவே குழல் முனையைத் தரையை நோக்கிச் சாய்த்து, ட்ரிகரை அழுத்துங்கள். சுத்தியல் தன் எடையால் முன்னால் விழும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு எவ்வளவு பலம் கொடுத்தாலும் தாழ்ப்பாள் மூடாது.

கூட்டின் முளையைக் கீழிருந்து மேலே செலுத்துங்கள். சட்டகம், ரெசீவர், போல்ட் மூன்றின் வழியாகவும் போய் அதன் நுனி ரெசீவரின் முதுகில் எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் போல்ட் முழுவதும் உள்ளே போகவில்லை, அல்லது ரெசீவர் இன்னும் முன்னால் நிற்கிறது.

இப்போதுதான் அந்தக் கம்பியின் முறை. கூடு இன்னும் விரிந்தே இருக்கட்டும். பக்கவாட்டில் வெளிச்சத்தைப் பிடித்து இடைவெளிக்குள் பாருங்கள். சுத்தியலிலிருந்து தொங்கும் கம்பியின் அடிநுனி, கூட்டின் தலையில் இருக்கும் சிறு குழிக்குள், உரலில் உலக்கை நிற்பதுபோல் நிற்க வேண்டும். அது சட்டகத்தின் குறுக்கே ஓடும் ஊசியில் மாட்டிக்கொண்டு விலகித் தொங்கினால் குழியைத் தவறவிடும். பிஸ்டலின் முனையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் கம்பி கூட்டின் பக்கம் ஆடி வரும். வரவில்லையென்றால் நிமிர்த்திய பேப்பர் கிளிப் ஒன்றால் மெல்லத் தள்ளிவிடலாம். அப்படிச் சாய்க்கும்போது சுத்தியலும் பின்னால் போய்ப் பிடித்துக்கொள்ளாமல் கவனிக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் மறுபடி முனையைத் தாழ்த்தி, ட்ரிகரை அழுத்தி, அதே இடத்திலிருந்து தொடங்குங்கள். நுனி குழியில் இருப்பதைக் கண்ணால் பார்த்தபின் கூட்டை உள்ளே தள்ளி மூடுங்கள். கடைசி நேரத்தில் உள்ளங்கைக்கு ஸ்ப்ரிங்கின் எதிர்ப்பு தெரிய வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் மூடிக்கொண்டால் கம்பி குழியில் இல்லை.

தாழ்ப்பாள் மூடியதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். போல்ட்டைக் கடைசிவரை பின்னால் இழுத்துப் பாருங்கள். முழுவதும் வந்து, விட்டால் படக்கென்று முன்னால் போனால் சரி. பாதியில் முட்டினால் கம்பி தவறியிருக்கிறது. பலம் கொடுத்து இழுக்காமல் தாழ்ப்பாளைத் திறந்து, மேலே சொன்ன கடைசிப் படியை மட்டும் திரும்பச் செய்தால் போதும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம்.

மார்க் 3 இதில் இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. மேகசின் உள்ளே இல்லாவிட்டால் ட்ரிகரை அழுத்தினாலும் சுத்தியல் விழாத ஒரு பாதுகாப்பு அதில் உண்டு. ஆகவே சுத்தியலை விழச் செய்ய வேண்டிய ஒவ்வொரு முறையும் காலி மேகசினைச் செருகி, ட்ரிகரை அழுத்தி, மறுபடி எடுக்க வேண்டும். பாதுகாப்புக்காக வைத்த ஒன்று, துடைப்பதற்கே ஆள் தயங்கும்படி செய்துவிட்டது. துடைக்காத துப்பாக்கி நம்பகம் குறைந்த துப்பாக்கி. ஆகவே இதை ஒரு சிறு அசௌகரியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு பழைய அமைப்பின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. குறிகாட்டிகள் குழலோடும் ரெசீவரோடும் அசையாமல் நிற்கின்றன. போல்ட் மட்டுமே நகர்கிறது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் குறி மாறாது. மாட்டும்போது எரிச்சலூட்டும் அந்த இறுக்கமான பொருத்தமும் இந்த உறுதிக்கு உதவுகிறது.

2016-இல் வந்த மார்க் 4 கழற்றும் சிக்கலை அடியோடு தீர்த்தது. சட்டகத்தின் பின்பக்கம் ஒரு பொத்தான். சுத்தியலைப் பின்னுக்கு மடக்கி, சேஃப்டியைப் போட்டு, அந்தப் பொத்தானை அழுத்தினால் குழலும் ரெசீவரும் முன்பக்கக் கீலில் சாய்ந்து மேலெழும், போல்ட் கையோடு வரும். மாட்டுவதும் அதே எளிமை. கம்பியைத் தேட வேண்டாம், ரப்பர் சுத்தியலும் வேண்டாம். 1949-லிருந்து 67 ஆண்டுகள் ஆனது என்பதுதான் குறை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது மார்க் 4. கையில் மார்க் 2 இருப்பவர்கள் இதற்காக அதை விற்க வேண்டியதில்லை. கம்பியின் இடம் ஒருமுறை கண்ணுக்குப் பிடிபட்டால் அது சில நிமிட வேலை.

பழைய மார்க் 4 ஒன்றை அடுத்தவரிடமிருந்து வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 2017 ஜூன் 1-க்கு முன் தயாரானவற்றில் சேஃப்டி நெம்புகோல் பாதி வழியில் நிற்கும்போது ட்ரிகரை அழுத்தியிருந்தால், பிறகு நெம்புகோலைச் சுடும் நிலைக்குத் தள்ளும்போதே தோட்டா வெடிக்க வாய்ப்பிருந்தது. நிறுவனமே இதை அறிவித்து இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. அந்தப் பிஸ்டல்களின் வரிசை எண் 401 என்றோ டபிள்யூ.பி.ஆர். என்ற எழுத்துகளிலோ தொடங்கும். உங்கள் கையில் இருப்பது அப்படித் தொடங்கினால், பழுது நீக்கப்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளும்வரை அதில் தோட்டா போடாதீர்கள்.